ஆனைத்தாங்கலும் ஆறு சிவப்பு வாளிகளும்

செப்டம்பர் 10, ஞாயிறு

முப்பத்து நான்கு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். கழிவறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவனையும், மேல் பெர்த்தில் போர்வைக்குள் பொட்டலமாகச் சுருண்டவனையும் பிடித்து இறக்கியிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட என்னைப் பார்த்து இன்று சம்பந்தியம்மா, “ஒரு கொசுவப் பிடிக்க முடியலையே உங்களால?” என்று கேட்டுவிட்டுத் திருச்சி வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

சம்பந்தியம்மா மங்கையர்க்கரசி கணக்கு டீச்சராக இருந்தவர். எதையும் எண்ணாமல் விடமாட்டார். நேற்று மாலை எங்கள் பால்கனியில் காபி குடித்தபோது கொசு கடித்த இடத்தையெல்லாம் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டார். மொத்தம் ஏழு. கையை நீட்டி என்னிடம் காட்டினார்.

“தலைப்பிரசவம் அம்மா வீட்லதான், வழக்கத்த நான் மாத்தச் சொல்லல. ஆனா நவம்பர்ல வளைகாப்பு. அதுக்குள்ள இந்தக் கொசு ஒழியலைன்னா மதுமிதாவ அனுப்ப மாட்டேன் சம்பந்தி. பிரசவம் திருச்சிலயே ஆகட்டும். டெங்கு காய்ச்சல் வந்தா யாரு பதில் சொல்றது?”

மதுமிதா எங்கள் ஒரே மகள். வயிற்றில் அஞ்சு மாசம். அவளுக்கு இந்த வீட்டில் பிரசவம் நடந்தே ஆகவேண்டும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்வதாக இல்லை.

கொசு எங்கிருந்து வருகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் நீலவேணி நகர் அடுக்ககத்துக்குப் பின்னால் ஆனைத்தாங்கல் என்று ஒரு குட்டி நீர்நிலை இருக்கிறது. கோரையும் அல்லியும் சேறும் தவளையுமாக, பார்த்தாலே குற்றவாளி முகம்.

செப்டம்பர் 13, புதன்

கொசு பேட் ஒன்று, சுருள் நான்கு பெட்டி, வேப்பிலைப் புகை. இன்று மட்டும் 41 கொசு அடித்தேன். என் மனைவி இந்திராணி 41 முறைக்கு மேல் இருமினாள். “ஏங்க, கொசு போறதுக்கு முன்னாடி நான் போயிடுவேன் போலருக்கு” என்றாள். முப்பது வருடமாக இப்படித்தான், எதற்கும் ஒத்துழைப்பு கிடையாது.

செப்டம்பர் 19, செவ்வாய்

கொசுப்புழு ஒழிப்புப் பணிக்காரி பரிமளா வந்தாள். கையில் டார்ச், நீண்ட காம்பு வைத்த வெள்ளைக் கரண்டி, தோளில் பை. நாற்பது வயது இருக்கும். வாரா வாரம் வந்து சுவரில் தேதி எழுதிவிட்டுப் போகிறவள். நான் எப்போதும் வாசலோடு அனுப்பிவிடுவேன். இன்று தாங்கலின் மேல் புகார் எழுதி வாங்கிக்கொள்வதற்காக உள்ளே விட்டேன். விட்டது தப்பு.

தாங்கலுக்குப் போகாமல் நேராக ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போனாள். அங்கே தண்ணீர் வடியும் தட்டை உருவினாள். பிறகு மொட்டை மாடி.

மொட்டை மாடியில் என் தீயணைப்பு வாளிகள் ஆறு தொங்குகின்றன. பழைய ஸ்டேஷன் ஒன்றை இடித்தபோது ஏலத்தில் எடுத்தவை. சிவப்பு வண்ணம், உருண்டை அடி, பார்க்கவே கம்பீரமாக இருக்கும். தீயணைப்பு வாளி என்றால் எந்நேரமும் தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும். அது ரூல். பணி ஓய்வு பெற்றதிலிருந்து அந்த ரூலை ஒரு நாள்கூட நான் மீறியதில்லை.

பரிமளா ஒரு வாளியில் டார்ச் அடித்தாள். “இங்க வந்து பாருங்க சார். நெளியுது பாருங்க. டெங்கு கொசு இதுலதான் சார் முட்ட போடும். நல்ல தண்ணி, சுத்தி பாத்திரம், உள்ள திங்கறதுக்கு ஒரு மீன் இல்ல. அதுக்கு வேற என்ன வேணும்?”

என்னவோ காட்டினாள். நான் கண்ணாடி போட்டிருக்கவில்லை. சரியாகத் தெரியவில்லை.

“அந்தத் தாங்கலைப் போய்ப் பாரும்மா” என்றேன். போனாள். கோரை ஓரத்தில் பத்து இடத்தில் கரண்டியை விட்டு மொண்டு வந்து காட்டினாள். பத்துக் கரண்டிக்கும் சேர்த்து மூன்று புழு. கூடவே விரல் நகம் அளவு ஒரு பூச்சி, ஆறு கால், உருட்டிய கண்.

“இது தட்டானோட குஞ்சு சார். பறக்கறதுக்கு முன்னாடி தண்ணிக்குள்ளதான் கெடக்கும். நாள் பூரா கொசுப்புழுவத்தான் புடிச்சித் தின்னும். மீனும் தின்னும். வளந்து பறக்குற கொசுவப் பெரிய தட்டான் பாத்துக்கும். உங்க தாங்கல் நல்ல தாங்கல் சார். உங்க வாளிதான் சரியில்ல.”

ஏலத்தில் எடுத்த வாளியைச் சரியில்லை என்று சொல்ல இவள் யார்? டிக்கெட் இல்லாதவன்தான் பக்கத்து சீட்டுக்காரனைக் கைகாட்டுவான். தாங்கலும் அவளும் கூட்டு.

செப்டம்பர் 24, ஞாயிறு

குடியிருப்போர் சங்கக் கூட்டம். வந்தவர்கள் செயலாளராகிய நான், மாடி வீட்டு சாமுவேல் சார், தவறுதலாக எட்டிப் பார்த்த ஒரு கூரியர்க்காரர். சாமுவேல் சார் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடும் பெருந்தன்மை உள்ளவர். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஒன்று, தாங்கலில் பழைய என்ஜின் எண்ணெய் ஊற்றுவது. எண்ணெய்ப் படலத்தில் புழு மூச்சு முட்டிச் செத்துவிடுமாம், அந்தக் காலத்து வைத்தியம். இரண்டு, மேலேரியிலிருந்து தாங்கலுக்கு வரும் வாய்க்காலைக் கட்டட இடிபாடு போட்டு அடைப்பது.

அக்டோபர் 1, ஞாயிறு

விடியற்காலையில் சங்கத்தின் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. இரண்டு டின் எண்ணெய். வாய்க்காலில் இரண்டு டிராக்டர் செங்கல், சிமென்ட் கட்டி. நிறைவேற்றியவர்களின் பெயரை எழுத வேண்டிய அவசியமில்லை.

இந்திராணி என் சட்டையில் கறுப்பாக என்ன என்று கேட்டாள். சைக்கிள் செயின் கிரீஸ் என்றேன். எங்களிடம் சைக்கிள் இல்லை என்பது அவளுக்கு நினைவு வரவில்லை போலிருக்கிறது.

அக்டோபர் 5, வியாழன்

தாங்கலில் மீன் மிதக்கிறது. சின்னச் சின்ன மீன், தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த மாதிரி இருக்கும், அதுதான் அதிகம். காகங்கள்கூட இரண்டு கொத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டன. நாற்றம் மூன்றாவது மாடி வரை. வயதாகியும் செத்திருக்கலாம்.

அக்டோபர் 9, திங்கள்

இன்று பால்கனியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். இரண்டே இரண்டு கடி! திருச்சிக்கு ஃபோன் போட்டுச் சம்பந்தியம்மாவிடம் எண்ணிக்கையைச் சொன்னேன். “பரவாயில்லையே” என்றார். கணக்கு டீச்சர் வாயால் அது நூற்றுக்கு நூறு.

அக்டோபர் 15, ஞாயிறு

மழை ஆரம்பித்துவிட்டது. மூன்று நாளாக விடவில்லை. வாய்க்கால் அடைத்திருப்பதால் மேலேரித் தண்ணீர் தாங்கலுக்கு வராமல் இடிபாட்டுக்குப் பின்னால் அங்கங்கே குட்டை கட்டி நிற்கிறது. டிராக்டர் சக்கரத் தடத்திலும் தண்ணீர்.

அக்டோபர் 22, ஞாயிறு

கொசு. கொசு. எழுத உட்கார்ந்தால் பேனா பிடித்த கையில் நான்கு. எண்ணெய்ப் படலத்தை மழை கிழித்துக் கரையோரம் ஒதுக்கிவிட்டது. கொசு பேட் இன்று மதியம் புகைந்து உயிரை விட்டது. இந்திராணி பகலிலேயே வலைக்குள் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள்.

சாமுவேல் சாருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல்.

அக்டோபர் 25, புதன்

சாமுவேல் சாருக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். டிரிப்ஸ் ஏறும் கையைத் தூக்கி வணக்கம் சொன்னார். “தீர்மானம் ஏதாவது இருந்தா இங்கயே குடுங்க, போட்டுத் தரேன்” என்றார். நான் சிரித்தேன். வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் வீட்டு ஜன்னலுக்கு நேர் மேலே, மொட்டை மாடியில் இருப்பது என் வாளிகள்.

வீட்டுக்கு வந்ததும் ஆறு வாளியையும் கவிழ்த்தேன். கொட்டிய தண்ணீரில் புழு இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். இருந்தன.

அக்டோபர் 27, வெள்ளி

பரிமளா வந்தாள். தாங்கலில் கரண்டி விட்டாள். பத்து வேண்டாம், ஒன்று போதும் என்று கொண்டுவந்து பால்கனிச் சுவரில் வைத்தாள். கரண்டி முழுக்கக் கொதிக்கிற மாதிரி நெளிந்தது.

“எண்ணவே முடியல சார். கொசுப்புழு வாலை மேல வெச்சி மூச்சு வாங்கும். எண்ணெய் கிழிஞ்ச எடத்துல அது பாட்டுக்குப் பொழச்சிக்கிச்சி. மீன், தட்டான் குஞ்சி, தலைப்பிரட்டை எதுவும் பொழைக்கல. இப்ப இதுங்களைத் திங்க ஆளில்ல. உசுரு இருக்குற தண்ணின்னா கொசுவுக்கு பயம் சார். செத்த தண்ணின்னா அதுக்குக் கல்யாணம்.”

பிறகு என்னை நேராகப் பார்த்து, “யாரு சார் எண்ணெய் ஊத்துனது?” என்று கேட்டாள்.

“விசாரிக்கிறேன்” என்றேன்.

அந்த நேரம் பார்த்து இந்திராணி உள்ளிருந்து கறை பிடித்த அந்தச் சட்டையைக் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த கொடியில் காயப்போட்டாள். அது மூன்று வாரத்துக்கு முன்பே காய்ந்த சட்டை. உள்ளே போய்விட்டாள். பரிமளா சட்டையைப் பார்த்தாள். “வரேன் சார்” என்று கிளம்பிவிட்டாள்.

நவம்பர் 8, புதன்

திருச்சியில் வளைகாப்பு. மதுமிதாவுக்குக் கை நிறையக் கண்ணாடி வளையல். முகம் பூரித்திருந்தது. ஏழு வகைச் சாதம், எனக்கு ஒரு வகையும் இறங்கவில்லை. சபையில் சம்பந்தியம்மா கேட்டார். “இப்ப மணிக்கு எத்தனை கடி சம்பந்தி?”

பொய் சொல்ல நினைத்தேன். என் இரண்டு கையும் அம்மை போட்ட மாதிரி இருந்தது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போயிருக்க வேண்டும்.

“அப்ப பொண்ணு இங்கயே இருக்கட்டும்” என்றார்.

மூன்று டிக்கெட் எடுத்திருந்தேன். இரண்டு பேர் திரும்பினோம். பக்கத்து சீட் செங்கல்பட்டு வரை காலியாகவே வந்தது. வேறொருவர் உட்காரக் கேட்டார், ஆள் வருகிறது என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 9, வியாழன்

காலையில் பரிமளாவைத் தேடி அவள் பணி செய்கிற சுகாதார அலுவலகத்துக்குப் போனேன். தாங்கலைப் பற்றிய படிவம் அவள் மேசையில் இருந்தது. ‘காரணம்’ என்ற இடம் காலியாக இருந்தது. அவள் பேனாவை வாங்கி நானே எழுதினேன். ரா. கோதண்டபாணி, வீட்டு எண் 2ஏ. சங்கம் என்று எழுதவில்லை.

“தெரியும் சார்” என்றாள். “கடப்பாரை இருக்கா உங்ககிட்ட?”

நவம்பர் 14, செவ்வாய்

ஐந்து நாளாக வாய்க்காலில் இடிபாடு அள்ளுகிறேன். டிராக்டரில் கொண்டுபோய்க் கொட்ட இருபது நிமிடம் ஆனது. அள்ள ஐந்து நாள். இடுப்பு என் பேச்சைக் கேட்பதில்லை. இன்று மதியம் கடைசிக் கட்டி பெயர்ந்ததும் தண்ணீர் ஒரு தள்ளு தள்ளிக்கொண்டு உள்ளே ஓடியது. கரையோர எண்ணெயை வைக்கோல் பிரியால் ஒற்றி ஒற்றி எடுத்தோம். பரிமளா வேலை முடிந்து வந்து உதவினாள். இந்திராணி அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போகச் சொன்னாள். தினமும் அதையே சொல்கிறாள்.

நவம்பர் 18, சனி

மீன் வாங்கித் தாங்கலில் விடலாம் என்றேன். கடையில் தொட்டி மீன் கிடைக்கும். பரிமளா என்னை அடிக்காத குறை. “வெளியூர் மீன விட்டீங்கன்னா அது நம்ம மீனையே தின்னுடும் சார். இந்தத் தண்ணிக்கு இந்தப் பக்கத்து மீனுதான்.” மேலேரியின் மறு கரை இரண்டு ஸ்டேஷன் தள்ளி. அங்கே வலை வீசுகிறவர்கள் சின்ன மீனைத் தூக்கிப் போட்டுவிடுவார்களாம். கேட்டால் தருவார்களாம்.

நவம்பர் 20, திங்கள்

மின்சார ரயிலில், இரண்டு கையிலும் இரண்டு சிவப்பு வாளி, வாளி நிறைய வெள்ளிப் பொட்டு மீன், மேலே ஈரத்துணி. உருண்டை அடி வாளியைத் தரையில் வைக்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். நின்றபடியே வந்தேன்.

இளவயது டிக்கெட் பரிசோதகர் ஒருத்தி வந்தாள். “சார், டிக்கெட்?” இரண்டு கையும் வாளியில். டிக்கெட் சட்டைப் பையில். அவளே எடுத்துப் பார்த்துக்கொண்டாள். துணியை விலக்கிப் பார்த்தாள்.

“குழம்புக்கா சார்?”

“இல்லம்மா. வேலைக்கு.”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பத்து நான்கு வருடம் நான் மற்றவர்களைப் பார்த்த பார்வை. அதற்கு இந்தப் பக்கத்தில் நிற்பது இவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நானும் சர்வீஸ்தான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

நவம்பர் 27, திங்கள்

இதுவரை ஏழு நடை.

டிசம்பர் 6, புதன்

கரண்டிக்குப் பதினொரு புழு. முன்பு எண்ண முடியாமல் இருந்தது இப்போது எண்ண முடிகிறது. பரிமளா இதற்கே சந்தோஷப்பட்டாள். சக்கரத் தடங்களையெல்லாம் மண் போட்டு மூடினோம். சாமுவேல் சார் இளைத்துப்போய் வந்து கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “கையெழுத்து நான்தானே போட்டேன்” என்றார். அந்த மனுஷனை என்ன செய்வது?

டிசம்பர் 13, புதன்

மழை நின்ற வெயிலில் தாங்கலுக்கு மேலே தட்டான்கள். மஞ்சள், சிவப்பு, நூற்றுக்கணக்கில். எனக்குத் தெரிந்து அறுபத்து நான்கு வயதில் ஓர் ஆள் தட்டானைப் பார்த்துக் கைதட்டியது இதுதான் முதல் தடவை. இந்திராணியும் பார்த்தாள், தட்டானை அல்ல.

டிசம்பர் 20, புதன்

பத்துக் கரண்டிக்கு ஆறு.

டிசம்பர் 24, ஞாயிறு

சம்பந்தியம்மாவே வந்துவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல், திடீர்ப் பரிசோதனை. இப்படிப் பரிசோதிக்க எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

மாலை சரியாக ஆறு மணிக்குப் பால்கனியில் நாற்காலி போட்டு, இரண்டு கையையும் முழங்கை வரை திறந்து வைத்துக்கொண்டு, பேனாவோடு உட்கார்ந்தார். பின்னால் தவளைகள் கச்சேரியை ஆரம்பித்தன. இந்திராணி அடுப்படியில் பாத்திரத்தைக்கூட உருட்டவில்லை. நான் கதவோரம் நின்றேன். ஆறு முப்பத்தைந்துக்கு ஒன்று கடித்தது. வட்டம் போட்டார். ஏழு மணி வரை இன்னொரு வட்டம் விழவில்லை.

“ஒண்ணு” என்றார். “எங்க வீட்லயே மணிக்கு நாலு. என்ன பண்ணுனீங்க சம்பந்தி? கெட்டிக்காரர்தான் நீங்க.”

இந்த வார்த்தைக்காகத்தானே மூன்று மாதமாக அலைந்தேன்? வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். முடியவில்லை.

“நான் ஒண்ணும் பண்ணல சம்பந்தியம்மா. மீனும் தட்டானும் செய்யுது. முன்னயும் அதுங்கதான் செஞ்சுகிட்டிருந்துச்சு. உங்களுக்குக் கடிச்ச ஏழும் என் வாளில பொறந்தது. நான் தாங்கல் மேல பழியப் போட்டு எண்ணெய ஊத்தி எல்லாத்தையும் கொன்னுட்டேன். மாடி வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில படுத்தாரு. வளைகாப்பன்னிக்கு நீங்க பொண்ண அனுப்பாதது சரிதான்.”

அவர் பேனாவை மூடினார். “இம்புட்டு அவசரம் எதுக்கு உங்களுக்கு? பிரசவம் எங்க ஆனா என்ன? பேரப்புள்ள உங்களுக்கும்தானே?”

யாரும் கேட்காத கேள்வியை அவர் கேட்டுவிட்டார். சொன்னேன். மதுமிதா பிறந்தபோது நான் நாக்பூர் தாண்டிப் போய்க்கொண்டிருந்த வண்டியில், எஸ் 6 பெட்டியில், யாருடைய டிக்கெட்டையோ சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் ஏதோ ஒரு ஸ்டேஷனில் ஒருவர் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். பெண், தாயும் சேயும் நலம். ஊர் வந்து குழந்தையைக் கையில் வாங்கியபோது அவளுக்கு ஐந்து நாள் வயது. அப்புறமும் அவள் நடந்ததையும் பேசியதையும் சொல்லக் கேட்டதுதான். இந்த ஒரு தடவையாவது நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுப்படியில் ஒரு பாத்திரம் விழுந்தது. இந்திராணிக்கே இதை நான் சொன்னதில்லை.

சம்பந்தியம்மா தாங்கல் பக்கம் திரும்பினார். “எங்க வீட்டுக்காரர் புள்ள பொறந்தப்ப தெருக்கோடிலதான் இருந்தாரு. சீட்டாட்டம். ஆட்டம் முடிஞ்சுதான் வந்தாரு” என்றார். “டாக்டர்கிட்ட கேட்டுட்டு வர்ற புதன்கிழமை மதுமிதாவ நானே கொண்டாந்து விடறேன். வலை மட்டும் கட்டி வைங்க. கணக்குல ஒண்ணு இன்னும் பாக்கி இருக்கு.”

டிசம்பர் 27, புதன்

வந்துவிட்டாள். வந்ததும் பால்கனிக்குப் போய், “அப்பா, இவ்ளோ கொக்கு முன்னாடியும் இருந்துச்சா?” என்றாள். இருந்திருக்கும் என்றேன்.

ஜனவரி 9, செவ்வாய்

எழுத நேரமில்லை. மதுமிதாவுக்கு மாங்காய் வேண்டுமாம். ஜனவரியில்!

ஜனவரி 24, புதன்

காலையில் வலி எடுத்தது. ஆஸ்பத்திரி நடைவழியில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சம்பந்தியம்மா நிமிடத்தை எண்ணிக்கொண்டிருந்தார். இந்திராணி என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கல்யாணத்தில் பிடித்ததற்கு அப்புறம் வெளியிடத்தில் இதுதான்.

பத்து நாற்பதுக்குக் கதவு திறந்தது. நர்ஸ் துணியில் சுற்றியதைக் கையில் வைத்துக்கொண்டு, “மதுமிதா கூட வந்தவங்க யாரு?” என்று கேட்டாள்.

மாப்பிள்ளைதான் எழுந்திருக்க வேண்டும். முறை அதுதான், எனக்கும் தெரியும். ஆனால் அவர் சுவரை விடுவதற்குள் நான் கையைத் தூக்கிக்கொண்டு கதவருகே போய் நின்றுவிட்டேன்.

“நான் இருக்கேன்” என்றேன்.